யாழினியின் முன்பல் படம்

ஜூலை 9, புதன்
விடிந்ததிலிருந்து சாரல், காற்று. துணி எதுவும் காயவில்லை. மாவு தீர்ந்தது, அரைக்கணும்.

கோபியிலிருந்து நாத்தனார். வந்ததும் யாழினியின் வாயைத் திறக்கச் சொல்லி ஆராய்ச்சி. முன்பல் விழுந்து ஒரு வருடமாகியும் முளைக்கவில்லை, அதுதான். "நெல்லுல ஈறக் கீறி உட்டா தானா வந்துருமுங்க அம்மணி."

"வேண்டாமுங்க அண்ணி. மொதல்ல எக்ஸ்ரே எடுத்துப் பாத்துக்கலாம்."

"பச்சக் கொழந்தைக்கு எக்ஸ்ரேயா?" முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

எட்டு வயது மகள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். பார்க்கச் சகிக்கவில்லை எனக்கு. உள்ளே பல்லே இல்லாவிட்டால்? வீட்டுக்காரரிடம்கூட இதைச் சொல்லவில்லை.

ஜூலை 10, வியாழன்
பீளமேடு பல் கிளினிக். படுதோல்வி.

வெறும் வயிற்றோடு ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாதாம். கிளம்பும் நேரத்தில் நாத்தனார் சந்தகையும் தேங்காய்ப்பாலும் ஊட்டோ ஊட்டென்று ஊட்டினார். நானும் தடுக்கவில்லை. படமெடுக்கும் சின்னத் தகட்டை வாய்க்குள் வைத்ததும் குமட்டல். சந்தகை மொத்தமும் டாக்டரம்மாவின் கோட்டில். மானம் போயிற்று.

நல்ல மனுஷி, கோபிக்கவில்லை. "சனிக்கிழமை வாங்க. வயிறு முட்டச் சாப்பிட்டு வராதீங்க."

வீட்டில் நாத்தனார்: "நாந்தான் அப்பவே சொன்னனுங்களே!" ஊட்டியது யாராம்?

ஜூலை 11, வெள்ளி
பயிற்சி. ஐஸ் குச்சியைக் கடித்துக்கொண்டு மூக்கால் மூச்சு, கூடவே கால் விரல்களை ஆட்டணும். டாக்டரம்மா சொன்ன உபாயம். விரலில் கவனம் போனால் குமட்டாதாம்.

காலையில் உடனே துப்பினாள். சாயங்காலம் குச்சியோடு டிவியே பார்த்தாள்! சமையலறையில் நாத்தனார் வெங்காயம் அரிந்தபடி தன் கால் விரல்களை ஆட்டிக்கொண்டிருந்தார். பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்.

ஜூலை 12, சனி
ஜெயித்துவிட்டோம்!

ஒரே ஒரு இட்லியோடு கிளம்பினோம். நாத்தனாரும் வந்தார். எக்ஸ்ரே மேலே படாமலிருக்கக் கனமான கவசத்தை மாட்டிக்கொண்டு யாழினி ராணி மாதிரி உட்கார்ந்தாள். விரல்கள் ஆடின. "முடிஞ்சுது கண்ணு," என்றார் டாக்டரம்மா. அவ்வளவுதான்!

திரையில் படம். பல் இருக்கிறது! முழுசாக, அழகாக. அதன் வழியை மறித்து ஒரு குட்டிப் பல், வேண்டாத பல். அதை எடுத்துவிட்டால் இது இறங்கி வருமாம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

யாழினி திரையைத் தொட்டுக் காட்டினாள். "அத்தை, பல்லு ஊட்டுக்குள்ளதானுங்க இருக்குது. வாசல்ல ஒருத்தன் குறுக்க நிக்கிறான்." வாயெல்லாம் சிரிப்பு. கை மடியிலேயே இருந்தது.

நாத்தனார் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பிறகு மெதுவாக, "ஏனுங்க டாக்டரம்மா, எனக்கும் ஒண்ணு எடுத்துப் பாத்துருங்களேன். கடவாப்பல்லு ரொம்ப நாளா வலிக்குது."

டாக்டரம்மா தன் கோட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"என்ன சாப்பிட்டீங்க?"