கையெழுத்து மட்டும் அவருடையது

மார்ச் 3, திங்கள்

பதினெட்டு வருடம் வார்டில் நின்று, அதற்கு மேல் இரண்டு வருடம் படித்துப் பட்டமும் வாங்கியதற்காக இன்று எனக்கென்று ஓர் அறை கொடுத்தார்கள். போன வாரம் வரை வாளியும் துடைப்பமும் குடியிருந்த அறை. கதவில் ‘உயர்நிலைச் செவிலியர்’ என்று அட்டை. வரிசையில் நின்ற ஒருவர் அதைப் படித்துவிட்டு, “உயர்நிலைன்னா பத்தாவது வரைக்குமா?” என்று கேட்டார். ஆமாம் ஐயா, கணக்கில் மட்டும் கொஞ்சம் வீக் என்றேன்.

சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி என்று வருகிறவர்களை நானே விசாரித்து, சோதித்து, மருந்து எழுத வேண்டும். பெரிய டாக்டர் ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துவிட்டுச் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ஆறு மாதம் ஒழுங்காக நடந்தால் ஒரு சான்றிதழ் தருவார். அதன் பிறகு என் பெயரிலேயே மருந்து எழுதலாம். இந்த ஒரு காகிதத்துக்காகத்தான் நாற்பத்து மூன்று வயதில் பரீட்சை எழுதினேன்.

மார்ச் 4, செவ்வாய்

மாமியார் கேட்டார்: “நர்ஸுக்கு மேல படிச்சா டாக்டர்தானே?”

“இல்லத்தை.”

“அப்புறம் எதுக்குப் படிச்சே?”

பல்கலைக்கழகத்தில் இவ்வளவு கஷ்டமான கேள்வி வரவில்லை.

மார்ச் 12, புதன்

பெரிய டாக்டருக்கு அவர் அறையிலிருந்து என் அறைக்கு நடக்க நேரமில்லையாம். பதினாறு அடி. காலையில் ஒரு கட்டுச் சீட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஐம்பது சீட்டு. எல்லாவற்றிலும் கீழே கையெழுத்து இருக்கிறது, மேலே ஒன்றுமில்லை.

“உங்களுக்குத் தெரியாததா சிஸ்டர்? எழுதிக் குடுத்துடுங்க.”

நோயாளி வீட்டில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே இங்கே கையெழுத்து தயார். மருத்துவம் எங்கேயோ போய்விட்டது! நான் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ‘உங்களுக்குத் தெரியாததா’ என்ற ஒரு வார்த்தைக்கு உள்ளுக்குள் குளிர்ந்து போயிருந்தேன்.

ஏப்ரல் 9, புதன்

இன்று நாற்பத்தைந்து பேர். ஒரு பெரியவர் சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “டாக்டர் கைராசிக்காரர்மா, சர்க்கரை எப்படி இறங்கியிருக்கு பாரு” என்றார். அந்தக் கைராசிக்காரர் இவர் முகத்தைப் பார்த்ததே கிடையாது. நான் சிரித்து வைத்தேன்.

ஏப்ரல் 10, வியாழன்

இப்போதெல்லாம் தினமும் ஒரு கட்டு. நேற்றைய ஐம்பது சீட்டும் தீர்ந்தது. போய்க் கேட்டேன். டீ குடித்துக்கொண்டே அடுத்த ஐம்பதைப் போட்டுக் கொடுத்தார்.

மே 15, வியாழன்

என்ன செய்துவிட்டேன்.

திங்கட்கிழமை தையல்காரம்மா ஒருவர் வந்தார். நாள் முழுக்க மெஷின் மிதித்து முழங்கால் வீங்கியிருந்தது. வலி மாத்திரை எழுதினேன். இன்று அவரைப் பெண்கள் வார்டில் பார்க்கிறேன் — மூக்கில் குழாய், கையில் ரத்தம் ஏறுகிறது. இதய வால்வுக்காக, ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் ஒரு மாத்திரை போட்டுக்கொள்கிறவராம். அதோடு என் மாத்திரையும் சேர்ந்து வயிற்றுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது.

‘வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?’ முதல் வகுப்பில், முதல் நாளில் சொல்லிக்கொடுத்த கேள்வி. பரீட்சையில் அதற்கு முழு மதிப்பெண் வாங்கியவள் நான். கேட்கலையே. வெளியில இருபது பேர் நின்னா என்ன, நூறு பேர் நின்னா என்ன — ஒரு வாய் கேட்டிருக்கக் கூடாதா? நல்ல படிப்பு. நல்ல பட்டம். தூ.

மே 16, வெள்ளி

பெரிய டாக்டர் முதலில், “இந்தம்மாவை நான் பார்த்ததே இல்லையே” என்றார். பிறகு சீட்டில் தன் கையெழுத்தைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. கதவைச் சாத்தினார்.

“அவங்களே கடையில வாங்கிப் போட்டுக்கிட்டாங்கன்னு கேஸ் ஷீட்ல எழுதிடறேன். ரெண்டு பேருக்கும் நல்லது சிஸ்டர்.”

மூன்றாவது ஆளைக் கணக்கில் சேர்க்கவில்லை. சீட்டு அவர் சட்டைப் பைக்குள் போனது.

வீட்டில் சொன்னேன். கணவர் டி.வி. சத்தத்தைக் குறைத்தார். அவ்வளவு பெரிய விஷயம். “கையெழுத்து அவரோடதுதானே? வாயை மூடிக்கிட்டு இரு. ஆகஸ்ட்ல சான்றிதழை வாங்கிக்க. நல்லவளா அப்புறம் இருந்துக்கலாம்.” நல்லவளாக இருப்பதற்கு இவர் தேதி குறித்துக் கொடுக்கிறார்.

மே 17, சனி

பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். ரத்தம் நின்றுவிட்டது, பிழைத்துக்கொண்டார். ஆனால் மருமகள் வந்து நன்றாகத் திட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.

“நானே கண்டதையும் வாங்கித் தின்னேனாம். எல்லாரும் அதையே சொல்றாங்க. நீங்க எழுதிக் குடுத்ததைத்தானேம்மா சாப்பிட்டேன்?”

“ஆமாம்மா. நான் எழுதினதுதான்” என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

மே 19, திங்கள்

சம்பவப் பதிவேடு கண்காணிப்பாளர் அறையில் இருக்கிறது. தூசி தட்டித்தான் திறந்தேன், இந்த ஆஸ்பத்திரியில் யாரும் தவறே செய்வதில்லை போலிருக்கிறது. மருந்து எழுதியது நான், கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை, சீட்டில் கையெழுத்து முன்பே போடப்பட்டிருந்தது. மூன்றையும் எழுதினேன். சான்றிதழ் போனதென்றே நினைத்துக்கொண்டேன்.

“உங்களுக்கென்ன பைத்தியமா சிஸ்டர்?” என்று பெரிய டாக்டர் வராந்தாவிலேயே கத்தினார். அவர் என் அறைப் பக்கம் வந்தது இரண்டு மாதத்தில் இதுதான் முதல் தடவை.

ஜூன் 11, புதன்

மெமோ வந்தது. ‘மருந்து எழுதியவர்’ என்ற இடத்தில் அழகாக டைப் அடித்து என் பெயர். இருபது வருடமாக ஏங்கியது, மெமோவில் கிடைத்தது. கணவர் படித்துவிட்டு, “சட்டம் போட்டு மாட்டிடலாமா?” என்றார். மாட்டலாம்தான்.

மூன்று மாதப் பயிற்சி செல்லாது. ஆறு மாதமும் முதலிலிருந்து. பெரிய டாக்டருக்கு எச்சரிக்கை. இனி முன்கூட்டிக் கையெழுத்துக் கூடாது. எழுதியவர் பெயர் மேலே, நோயாளியை நேரில் பார்த்த பின் டாக்டர் கையெழுத்து கீழே.

அழுதேன். மூன்று மாதம் போனதற்கா, வேலை மிஞ்சியதற்கா, தெரியவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

பெரிய டாக்டர் தினமும் நாற்பது தடவை பதினாறு அடி நடக்கிறார். என்னிடம் பேச்சு இல்லை. இன்று மட்டும் வாய் தவறி, “முழங்கால் வலிக்குது” என்றார்.

“வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா டாக்டர்?”

அவர் சிரிக்கவில்லை. நானும் வேடிக்கைக்குக் கேட்கவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

தையல்காரம்மா வந்தார். பெரிய டாக்டர் அறையில் கூட்டமே இல்லை. என் வரிசையில்தான் ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறார். உட்காருவதற்கு முன்பே ஒரு துணிப்பையை மேசையில் கவிழ்த்தார். ஒன்பது வகை மாத்திரை.

“கேளுங்க” என்றார்.

ஒவ்வொன்றாகக் கேட்டேன். இருபத்தைந்து நிமிடம் ஆனது. வெளியே சத்தம் போட்டார்கள், போடட்டும். வலிக்குத் தைலமும் கால் பயிற்சியும் எழுதினேன். இரண்டு மாத்திரை ஒரே மருந்து, வேறு வேறு பெயர். ஒன்றை நிறுத்தச் சொல்லி எழுதினேன்.

பெரிய டாக்டர் வந்தார். பேனாவைத் திறந்தவர், என்ன தோன்றியதோ, மூடிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு மாத்திரை அட்டையை எடுத்து, “இதை எப்போலேர்ந்து சாப்பிடறீங்க?” என்று அந்தம்மாவிடம் கேட்டார்.

“எல்லாத்தையும் இவங்ககிட்டச் சொல்லிட்டேனே டாக்டர். சீட்டுல எழுதியிருக்காங்க, படிச்சுப் பாருங்க.”

அவர் படித்தார்.