கோரைப் பள்ளத்து நோட்டு

காரைக்கால்
ஆனி 3

அன்புள்ள அஃபீஃபாவுக்கு,

வெண்மதி எழுதுவது. நீயும் வீட்டுக்காரரும் குழந்தையும் சுகம்தானே? இங்கே எல்லோரும் நலம். தினமும் செல்பேசியில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். இதைக் குரலில் சொன்னால் நீ உடனே பதில் சொல்ல வேண்டியிருக்கும். அப்படி உன்னை நிறுத்த மனமில்லை. காஜா நஜ்முதீன் அண்ணன் விடுப்பு முடிந்து வெள்ளிக்கிழமை ஷார்ஜா திரும்புகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

கோரைப் பள்ளத்தை ஒட்டிய உங்கள் நிலத்தை வீட்டு மனைகளாக்க உன் வாப்பா விண்ணப்பித்தது உனக்குத் தெரியும். போன வாரம் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் அதற்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். அங்கே தண்ணீர் நிற்கும், வீடு கட்டக் கூடாது என்று நான்கு பக்கம் எழுதிக்கொண்டு நானும் போனேன். பள்ளத்துக்குப் பின்னால் குடியிருக்கும் பூவாயி அக்காவும் வந்திருந்தார். மண்ணடித்து உங்கள் நிலத்தை உயர்த்திவிட்டால் ஐப்பசித் தண்ணீர் அவர்கள் தெருவுக்குள்தான் புகும். "நீ மொதல்ல எந்திரி, நான் ஒம் பின்னாலயே பேசிடுறேன்" என்று என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

வைகாசி வெயிலில் பள்ளமே வெடித்துக் கிடந்தது. காலையில் இடத்தைப் பார்த்துவிட்டு வந்த அதிகாரிகளின் செருப்பில் புழுதிதான் இருந்தது. மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் நிற்குமா என்று ஆணையர் கேட்டார். உன் வாப்பா எழுந்து, "ஒரு நாள் நிக்கும், மறுநா வடிஞ்சிரும். இந்தா நம்ம வெண்மதி இருக்கு, எங்க வீட்டுப் புள்ள மாதிரி. ஏம்மா, நாஞ் சொல்றது சரிதானே?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் தலையாட்டினேன்.

சாப்பிட்டாயா, அம்மா சுகமா என்று மாமா எது கேட்டாலும் சிறு வயதிலிருந்து ஆட்டுகிற அதே தலை. கேள்வி என்னவென்று மனம் வாங்கிக்கொள்வதற்கு முன்பே ஆடிவிட்டது. "படிச்ச பொண்ணே சொல்லிடிச்சே, அப்புறம் என்ன" என்றார் யாரோ. எழுத்தர் குறிப்பில் எழுதிக்கொண்டார். எத்தனையோ புத்தகங்கள் படித்திருக்கிறேன். "இல்லை மாமா" என்ற இரண்டு சொல் வரவில்லை. பூவாயி அக்கா எழுந்திருக்கவே இல்லை. திரும்பி வரும்போது, "ஒந் தலை ஆடிடிச்சு, இனிமே எங்க வூடு ஆடும்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அன்று மாலை உன் உம்மா வட்டலப்பம் கொடுத்தனுப்பினார்கள். சாப்பிட்டேன், அஃபீஃபா. அதையும் உன்னிடம் சொல்லத்தான் வேண்டும்.

மாமா மேல் எனக்கு வருத்தமில்லை. முதல் மனையை உனக்கென்று ஒதுக்கியிருக்கிறார், வேப்பமரம் நிற்கிற மூலையை. "வீடுன்னு ஒண்ணு இருந்தா எம் புள்ள வந்துரும்" என்று என் அம்மாவிடம் சொன்னாராம்.

முடிவெடுக்கும் கூட்டம் அடுத்த மாதம் பத்தாம் தேதி. ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாமா என்று போய்க் கேட்டேன். "அன்னைக்கு நீங்கதானேங்க ஆமான்னீங்க? இப்ப மாத்திச் சொன்னா ஆதாரம் வேணுமே" என்றார் எழுத்தர். ஆதாரம் உன்னிடம் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் அறிவியல் கண்காட்சிக்காக உங்கள் நிலத்து வரப்புக் கல்லில் கோடு போட்டுத் தண்ணீர் அளந்தோமே, அந்த நோட்டு. நான் ஒரே வருடத்தில் விட்டுவிட்டேன். நீ நிக்காஹ் ஆகிப் போகும்வரை ஒன்பது வருடம், ஐப்பசி முதல் தை வரை வாராவாரம் எழுதினாய். முழங்காலளவு, இடுப்பளவு என்று தேதியோடு உன் கையெழுத்தில் இருக்கிறது. அந்தப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பு என்று கேட்பது, உன் வாப்பாவுக்கு எதிரில் உன்னை நிறுத்துவதுதான். தெரிந்தேதான் கேட்கிறேன்.

நீ அனுப்பாவிட்டால் மறுபடி கேட்க மாட்டேன். ஆனால் பத்தாம் தேதி எழுந்து, அன்று நான் தலையாட்டியது தவறு என்று சொல்லிவிடுவேன். வெறுங்கையோடு சொன்னால் எடுபடாது என்று தெரியும். முந்தின நாளே மாமாவைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் போவேன். அதன் பிறகு உங்கள் வீட்டுக்குள் நான் வர முடியாமல் போகலாம்.

நீ ஊருக்கு வந்தால் எங்கள் மாடி அறை இருக்கிறது. வேப்பமரமில்லை, ஜன்னலைத் திறந்தால் பள்ளம் தெரியும். ஐப்பசிக்குப் பிறகு வா. தண்ணீர் நிற்கிறதா என்று இருவரும் பார்க்கலாம்.

நீங்கள் மூவரும் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

உன்
வெண்மதி