மூடி திறக்கும் முன்

வியாழக்கிழமை, மதியம்

அன்புள்ள உங்களுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். அதற்கு உங்கள் போன கடிதத்தைத் தவிர வேறு ஆதாரம் இல்லை, அதுவும் மூன்று வாரம் பழையது. இங்கே அத்தை நலம். முழங்கால் வலி மாடிப்படியைக் கண்டால் வருகிறது, டிவி முன்னால் உட்கார்ந்தால் போய்விடுகிறது. குளியலறைக் குழாய் மறுபடி சொட்டுகிறது. நீங்கள் வந்து பார்ப்பீர்கள் என்று கீழே ஒரு வாளி வைத்திருக்கிறோம். கப்பல் இன்ஜினையே சரிசெய்கிறவர் வீட்டுக் குழாயைப் பார் என்று பக்கத்து வீட்டுக்காரர் சிரிக்கிறார்.

நான் அனுப்பிய மல்லிகைத் தேநீர் கசந்தது என்றும், இன்ஜின் அறையில் எல்லாரும் உங்களைக் கேலி செய்தார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். கசக்காமல் என்ன செய்யும்? கொதிக்கக் கொதிக்க ஊற்றி, கால் மணி நேரம் மறந்துபோய், பிறகு பால்பவுடரும் சர்க்கரையும் கலந்ததாக நீங்களே வாக்குமூலம் கொடுத்திருக்கிறீர்கள். இந்தக் கடிதத்தோடு இன்னொரு பொட்டலம் வைக்கிறேன். இதையாவது நான் சொல்கிறபடி போடுங்கள்.

தண்ணீர் கொதித்ததும் இறக்கிவிடுங்கள். மெதுவாக நூறு எண்ணுங்கள். ஒரு தம்ளருக்கு ஒரு தேக்கரண்டி இலை. தண்ணீரை ஓரமாக ஊற்றி மூடி போடுங்கள். மூன்று நிமிடம். நடுவில் திறந்து எட்டிப் பார்க்கக் கூடாது, மணம் முதல் ஆளாக வெளியே கிளம்பிவிடும். நேரம் ஆனதும் மூடியை எடுத்து, அதன் உட்புறத்தை முகருங்கள். மணம் முதலில் அங்கேதான் வந்து உட்கார்ந்திருக்கும். பிறகு குடிக்கலாம். பால் வேண்டாம், சர்க்கரை வேண்டாம். அத்தை இதைச் 'சென்ட் பாட்டிலக் கழுவி ஊத்துன தண்ணி' என்கிறார். நீங்கள் அவருடைய மகன்தான், இருந்தாலும் ஒரு முறை முயன்று பாருங்கள்.

என் வேலையை நண்பர்களிடம் 'டீ குடிக்கிற வேலை' என்று சொல்லிவைத்திருக்கிறீர்கள். அதற்கு முன்னால் என்னென்ன நடக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பிற்பகலில் மொட்டுகள் வரும். ஒன்றுகூட விரிந்திருக்கக் கூடாது. விரிந்த பூ தன்னிடம் இருந்ததைச் செலவழித்துவிட்டது, எங்களுக்கு ஆகாது. பொழுது சாய்ந்து மொட்டுகள் வாய் திறக்கத் தொடங்கியதும் உலர்ந்த தேயிலையோடு கலந்து குவித்துவிடுவோம். தேயிலைக்குச் சொந்தக் குணம் கொஞ்சம், பக்கத்தில் இருப்பவர் குணத்தை வாங்கிக்கொள்வது அதிகம். வெங்காயம் இருந்தால் வெங்காயம், சோப்பு இருந்தால் சோப்பு. அதனால்தான் எங்கள் தேயிலைக் கூடத்தில் யாரும் வாசனை சோப்புப் போடுவதில்லை. குவியல் உள்ளுக்குள்ளே சூடேறும், கையை விட்டுப் பார்த்துக் கிளறிவிட வேண்டும். காலையில் துவண்ட பூக்களைச் சலித்து எடுத்துவிட்டு இலையை உலர்த்துவோம். மாலையில் மறுபடி புது மொட்டு. இப்படி ஐந்து முறை. ஒவ்வொரு காலையும் ஒரு கிண்ணம் போட்டுப் பார்த்து, போதுமா இன்னும் பூ வேண்டுமா என்று சொல்வதுதான் என் வேலை. குடிப்பவர் கிண்ணத்தில் ஒரு பூகூட இருக்காது, வந்துவிட்டுப் போன பூக்களின் மணம் மட்டும் இருக்கும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பிடித்திருந்தது.

இதுவரை எழுதியது எளிது. இனிமேல் எழுதப்போவதற்காகத்தான் குழாயையும் வாளியையும் இழுத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு இது பதினோராவது வாரம். உடனே எழுந்துவிடாதீர்கள், உங்கள் அறையில் தலை இடிக்கும். மற்றவர்களிடம் சொல்லவும் வேண்டாம், அத்தைக்கே இன்னும் சொல்லவில்லை.

ஏன் இத்தனை நாள் மறைத்தாய் என்று கேட்பீர்கள். போன முறை ஆறாவது வாரத்திலேயே சொன்னேன். நீங்கள் பித்தளை நட்டுகளைத் தேய்த்துக் கோத்து ஒரு கிலுகிலுப்பை செய்து அனுப்பினீர்கள். அது வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அதற்கு முன்பே கம்பெனி அலுவலகத்துக்குப் போய், கப்பலின் அவசர போனில் உங்களைப் பிடித்தேன். ஒரே இரைச்சல். நான் 'இல்ல' என்றேன். நீங்கள் 'என்ன இல்ல? கேக்கல, சத்தமா சொல்லு' என்றீர்கள். நான்கு பேர் பார்த்துக்கொண்டிருக்க அந்த ஒரு சொல்லை மூன்று முறை சொன்னேன், மூன்றாவது முறை கத்தி. உங்கள் மேல் தவறில்லை. ஆனால் நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறவள். இன்னொரு முறை அப்படிக் கத்த எனக்குத் திராணி இல்லை.

கதைகளில் வரும் பெண்களுக்கு மயக்கம் வரும், யாராவது நாடி பிடித்துச் சொல்லிவிடுவார்கள். என்னைக் காட்டிக்கொடுத்தது எண்பது கிலோ தேயிலை. ஏழாவது வாரத்தில், மசக்கையில் மல்லிகை என்றாலே குடலைப் புரட்டியது. இரண்டு முறை பூ போட்ட இலையையே என்னால் தாங்க முடியவில்லை. மணம் ஏறிவிட்டது, போதும் என்று சொல்லிவிட்டேன். சலிக்கும் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அக்காவை உங்களுக்குத் தெரியும், நம் கல்யாணத்தில் உங்கள் சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருப்பதைக் கண்டுபிடித்தவர். சல்லடை அக்கா என்றுதான் கூப்பிடுவோம், அவரைத் தாண்டி ஒரு தூசு போகாது. அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, 'ஏண்டி, பூவ உள்ள போட்டியா, இல்ல தூரத்துல நின்னு காட்டிட்டு எடுத்துட்டியா?' என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கி, 'எத்தனை நாள் தள்ளிப் போயிருக்கு?' என்று கேட்டார். முதலாளியிடம் மொட்டு மழையில் நனைந்தது என்று சொல்லிச் சமாளித்து, மறுபடி மூன்று முறை பூ போட வைத்தவரும் அவர்தான்.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. என் மூக்கை நம்ப முடியாது, வயிற்றை நம்பலாம் என்பது அக்காவின் தீர்ப்பு. மூடியை முகர்ந்து நான் முகம் சுளித்தால் இன்னும் பூ வேண்டும். வாயைப் பொத்திக்கொண்டு கழுவுமிடத்துக்கு ஓடினால் தேயிலை தயார். 'நீ ஓடு, நான் மூட்டையக் கட்டுறேன்' என்பார். நான்கு வாரமாக ஒரு மூட்டைகூடத் தப்பவில்லை. இப்போதெல்லாம் மணம் தூக்குகிறதே என்று முதலாளி பாராட்டினார். அந்தப் பாராட்டு யாருக்குச் சேர வேண்டியது என்று நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அந்தக் குமட்டலுக்காக நான் எப்படிக் காத்திருந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. காலையில் மூடியைத் தூக்கியதும் முகத்தை இன்னும் கிட்டே கொண்டுபோவேன். வயிறு புரண்டதும், இருக்கிறாய், என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். கழுவுமிடத்தில் குனிந்து நிற்கும் அந்த ஐந்து நிமிடம்தான் நாள் முழுவதற்குமான நிம்மதி.

காரணம் இருக்கிறது. இதை உங்களிடம் சொன்னதே இல்லை. போன முறை பத்தாவது வாரத்தில் ஒரு காலை, தேநீர் திடீரென்று மணத்தது. ஆசையாக இரண்டு கிண்ணம் குடித்தேன். மசக்கை விட்டுப்போச்சு என்று வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொல்லி, இருவருமாகச் சேர்ந்து சந்தோஷப்பட்டோம். மூன்றாம் நாள் மருத்துவர் ஸ்கேன் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். துடிப்பு நின்று இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கலாம் என்றார். அதாவது, நான் ரசித்து ரசித்துக் குடித்துக்கொண்டிருந்த நேரம்.

இன்று காலை மூடியைத் தூக்கினேன். மணத்தது.

ஐந்தாவது முறை பூ போட்ட இலை. எவ்வளவு நல்ல மணம் என்று எழுதவே பயமாக இருக்கிறது. யாரோ பக்கத்து அறையில் பூவை வைத்துவிட்டுக் கதவை ஒருக்களித்துச் சாத்தியது போல. இலையின் லேசான துவர்ப்பு முதலில் வந்தது, விழுங்கிய பிறகு இனிப்பு. வயிறு அசையவில்லை. கோணியும் சணலுமாக நின்ற அக்கா, 'என்னடி, இன்னிக்கு ஓடலையா?' என்று சிரித்தார். என்னைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். இதோ வரும் என்று இன்னொரு வாய் குடித்தேன். அதுவும் இனித்தது. கிண்ணம் காலியாகும்வரை குடித்தேன்.

அக்கா என்னை மூட்டை மேல் உட்கார வைத்து, 'எனக்கு ரெண்டாவதுக்குப் பதினோராவது வாரமே நின்னுபோச்சு. அந்தக் கழுதை இப்ப என் தலைக்கு மேல வளந்து நிக்குது, போ' என்றார். போன் இருக்கும் மேசைக்கு நடந்து போகும்வரை அதை நம்பினேன். மருத்துவமனை நர்ஸ், இந்த வாரத்தில் குமட்டல் குறைவது சகஜம்தான், மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள், நாளைக் காலை பத்து மணிக்கு டாக்டர் பார்ப்பார் என்று சொன்னார். அன்பாகத்தான் சொன்னார். போன முறை என் கையைப் பிடித்துக்கொண்டு, 'இதுவும் சகஜம்தாம்மா' என்று சொன்னவரும் அவர்தான்.

இத்தனை புத்தகம் படித்திருக்கிறேன். வியாழன் மதியத்திலிருந்து வெள்ளி காலை பத்து மணி வரை ஒரு மனுஷி எப்படி இருக்க வேண்டும் என்று ஒன்றிலும் எழுதியிருக்கவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். பயமாக இருக்கிறது. வயிற்றைத் தொடப் பயமாக இருக்கிறது, தொடாமல் இருக்கவும். பசிக்கிறது, அந்தப் பசியைக் கண்டும் பயமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை, காலை எட்டரை மணி

தூங்கினேன் என்று சொல்ல முடியாது. காலையிலும் குமட்டவில்லை.

குளிக்கப் போனபோது ஒன்றைக் கவனித்தேன். அத்தையின் ரோஜா வாசனை சோப்பு மாடத்தில் இல்லை. அந்த இடத்தில் துணி துவைக்கிற வெறும் சோப்பு, பாதிக்கு மேல் தேய்ந்தது. அப்படியானால் எத்தனை நாளாக? யோசித்துப் பார்த்தால் வெங்காயம் வதக்கும் வாடையும் வீட்டில் வராமல் ஒரு மாதம் இருக்கும். எனக்கு என் மூக்கைப் பற்றி அவ்வளவு கர்வம். இது தெரியவில்லை.

இன்று வேலைக்கு லீவு என்று மட்டும்தான் அவரிடம் சொல்லியிருந்தேன். வெளியே வந்தால் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். 'நானும் வரேன். எனக்கும் முட்டியக் காட்டணும்' என்கிறார். மகப்பேறு மருத்துவரிடம் முட்டியைக் காட்டப்போகிறவரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஐந்து நிமிடம் இருங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து இதை முடிக்கிறேன்.

போகிற வழியில் தபால்பெட்டி இருக்கிறது. பத்து மணிக்கு முன்பே இதைப் போட்டுவிடுவேன். போன முறை உங்களுக்கு முடிவை மட்டும் கொடுத்தேன், அதற்கு முந்தைய நாட்களை நானே வைத்துக்கொண்டேன். அது உங்களுக்குச் செய்த நன்மை என்று நினைத்திருந்தேன். இல்லை என்று இப்போது தோன்றுகிறது. இந்த முறை முடிவு தெரிவதற்கு முன்பே நீங்கள் என்னோடு இருக்க வேண்டும்.

உங்கள் கப்பல் கரை சேர இன்னும் பத்தொன்பது நாள். நல்லதோ கெட்டதோ, அவசர போனில் கூப்பிட மாட்டேன். கோபப்படாதீர்கள். துறைமுகத்தில் கடிதம் கைக்கு வந்ததும் நீங்களும் போனைத் தேடி ஓடாதீர்கள். பொட்டலத்தில் இருப்பது நேற்று எனக்கு மணத்த அதே இலை. தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். நூறு எண்ணுங்கள். மூடி போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். அந்த மூன்று நிமிடம் நீங்களும் இப்போது நான் இருக்கிற இடத்தில் இருப்பீர்கள். திறக்காதீர்கள். நேரம் ஆனதும் குடித்துவிட்டுக் கூப்பிடுங்கள். நான் போன் பக்கத்திலேயே இருப்பேன். தேநீர் எப்படி இருந்தது என்று முதலில் சொல்லுங்கள். அதற்குப் பிறகு நான் சொல்கிறேன்.

அத்தை வாசலில் இருமுகிறார். கடல் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். இன்ஜின் பக்கத்தில் கவனம். எங்கள் மூன்று பேரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று பேர் என்று எழுதிவிட்டேன். அதை அடிக்காமல் அப்படியே உறையில் போடுகிறேன்.

உங்கள்,
டீ குடிக்கிறவள்