வெள்ளிக்கிழமைக்குள் மேஜையை ஒதுக்கணும்

ஐப்பசி 4, திங்கள்

விடியற்காலை முதல் மழை. நான் பத்திரம் எழுதும் முன்னறை ஓட்டில் ஒரு இடத்தில் சொட்டு. பத்திரக் கட்டுகளைச் சுவரோரம் நகர்த்தியாயிற்று.

மானம் போன நாள். அஞ்சுகிராமத்து அண்ணாச்சி தன் மூலப் பத்திரத்தைத் திரும்ப வாங்க வந்தார். நகல் எடுத்துத் தருகிறேன் என்று போன வாரம் நான் வாங்கி வைத்தது. மேஜை மேல் தேடினேன். மேஜைக்கு அடியில். அலமாரியில். மறுபடி மேஜை மேல். முக்கால் மணி நேரம். அவர் காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். "நீங்க இருங்க அண்ணாச்சி" என்று என் நாற்காலியை இழுத்துப் போட்டேன். மெத்தை நழுவியது. அடியில் பத்திரம்.

நாலாக மடித்த பழைய தாளை நிமிர்த்த நான் கண்டுபிடித்த வழி. மெத்தைக்கு அடியில் வைத்து மேலே உட்கார்ந்துவிடுவது. எழுபத்தெட்டு கிலோ, இஸ்திரிப் பெட்டி வேண்டாம். வைத்ததை மறந்ததுதான் குறை.

"எங்க பாட்டன் சொத்துமேல ஒரு வாரமா சுகமா இருந்திருக்கேரு வே" என்றார். தாளைத் தடவிப் பார்த்தார். "சூடு இன்னும் ஆறல்ல."

உள்வாசலில் சுபா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். என் மகள். வழக்கமாக இப்படி ஒன்று கிடைத்தால் ஒரு வாரம் வைத்துச் சிரிப்பாள். சிரிக்கவில்லை. புருஷன் வீட்டிலிருந்து வந்து இன்றோடு பத்தொன்பது நாள்.

மதியம் மாப்பிள்ளையின் தாய்மாமன் போனில். "இனி இழுத்துக்கிட்டுக் கிடக்காண்டாம் பாத்துக்கிடுங்கோ. ரெண்டு பேரும் பிரிஞ்சு போறதா ஒரு பேப்பர் எழுதி ஒப்பு போட்டுருவோம். வெளிய எழுதக் குடுத்தா நாலு பேரு அறிவான். நீங்கதான் எழுதுக ஆளாச்சே. வெள்ளிக்கிழமை வாறோம். உங்க மேஜையில வச்சே முடிச்சிரலாம்."

சரி என்றேன். எனக்கு நன்றாக வரும் சொல் அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை கையெழுத்து என்று சுபாவிடம் சொன்னேன். "இந்த மேஜையிலயா?" என்று மேஜையைப் பார்த்தாள். "ஒப்பு போட கை வைக்க இடம் வேணும்லா அப்பா. நான் ஒதுக்கித் தாறேன்."

ஐப்பசி 5, செவ்வாய்

மழை விட்டு விட்டு. கரண்ட் இரண்டு தடவை போய் வந்தது.

மேஜையிலிருந்து சுபா எடுத்தவை:
ஸ்டாம்ப் பேட் நான்கு. மூன்று காய்ந்தவை.
கைநாட்டு வைத்தவர்கள் விரல் துடைத்த துணி. பனியன் மாதிரி இருந்தது. பனியன்தான்.
மூக்குக் கண்ணாடி இரண்டு, ஒன்றுக்கு ஒரு காது.
சுக்கு மிட்டாய், யாருடைய வில்லங்கச் சான்றிலோ ஒட்டிக்கொண்டு.
தலைவலித் தைலம், டப்பா மட்டும்.
சுபா கல்யாணப் பத்திரிகை பதினொன்று.

கடைசியில் சொன்னது, நேரில் கொடுத்துவிட்டேன் என்று என் பெண்டாட்டி பகவதியிடம் நான் சொன்னவை. கல்யாணத்துக்கு வராததற்காக அந்தப் பதினொரு வீட்டுக்காரர்களோடும் அவள் இன்றுவரை முறைப்பு. இதில் என் பெயர் வராமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

சுபா பத்திரிகையை விரித்து வாசிக்கவில்லை. வளைத்துப் பார்த்தாள். "நல்ல கனம். கத்திரி எங்க அப்பா?" நீளவாக்கில் வெட்டினாள். வெள்ளைப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதி ஒவ்வொரு கட்டுக்கும் ஒன்று செருகினாள். அவசரம். கையெழுத்து பாக்கி. ஆளைக் காணோம். ஆள் இல்லை.

"ஆளைக் காணோம்னா என்ன, ஆள் இல்லைனா என்ன மக்கா?"

"ஒண்ணு தேடலாம். ஒண்ணு தேடாண்டாம்."

'ஆள் இல்லை' கட்டுக்குள் ஏழு பேர். பத்திரத்தை வாங்க வராமலே போய்ச் சேர்ந்தவர்கள். ஏழு பேரில் இரண்டு பேர் செத்தது எனக்கே இன்றுதான் உறைத்தது. எழவுக்குப் போயிருந்தும்.

சுபா திரும்பி வந்த காரணம் பகவதி சொல்லித்தான் தெரியும். வந்த அன்று, பீன்ஸ் நறுக்கிக்கொண்டே, மூன்றே வாக்கியம். மாப்பிள்ளை அடிக்கவில்லையாம். பேசமாட்டானாம், மாசக்கணக்கில். வேலைக்குப் போகும்போது அவளை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவானாம். அப்படியா என்றேன். பீன்ஸ் காம்பைக் குப்பையில் போட்டேன். வேறு என்ன செய்தேன் என்று ஞாபகம் இல்லை.

ஐப்பசி 6, புதன்

வெயில் எட்டிப் பார்த்தது. கம்ப்யூட்டர் மேல் இருந்த கட்டுகள் போனதில் கம்ப்யூட்டர் இருப்பது தெரிந்தது. ராஜன் தன் ஜெராக்ஸ் கடையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன அண்ணே, புதுசா வாங்கினியளா?"

பேப்பர் எழுத உட்கார்ந்தேன். இந்த மாதிரி பிரிவு உடன்படிக்கை எத்தனையோ எழுதிக் கொடுத்திருக்கிறேன். கோர்ட்டில் இதற்கு மதிப்பு கிடையாது, வக்கீல், மனு எல்லாம் தனி. ஆனாலும் எங்கள் ஊர்ப் பக்கம் இப்படி ஒரு தாள் கையில் இல்லாமல் யாரும் அடுத்த அடி வைப்பதில்லை. மற்றவர்களுக்கு என்றால் மூன்று தடவை கேட்பேன், யோசிச்சாச்சா என்று. இதை இருபது நிமிஷத்தில் முடித்துவிட்டேன். கை தானாக ஓடியது. மனப்பொருத்தம் இல்லாத காரணத்தால், சுயநினைவோடு, பிறர் தூண்டுதல் இன்றி. இன்னார் மகள் என்ற இடத்திலும் என் பெயர். தயாரித்தவர் என்ற இடத்திலும் என் பெயர். அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. எழுத்துப் பிழை மட்டும் பார்த்தேன்.

சுபாவிடம் வாசிக்கச் சொன்னேன். சத்தமாக, செய்தி வாசிக்கிறவள் மாதிரி வாசித்தாள். கடைசிப் பத்தியில் நின்றாள்.

"அப்பா, என்னை யாருக்குக் கிரயம் எழுதியிருக்கியோ?"

வாங்கிப் பார்த்தேன். சனிக்கிழமை எழுதிய தோப்புக் கிரயத்தின் கடைசிப் பத்தியை அப்படியே ஒட்டியிருக்கிறேன். 'மேற்படியில் எவ்வித வில்லங்கமும் இல்லை என்று உறுதி கூறி இன்றே தங்கள் சுவாதீனத்தில் விட்டுக்கொடுக்கிறேன். பின்னிட்டு ஏதும் வில்லங்கம் தெரியவந்தால் நானே முன்னின்று தீர்த்துத் தருகிறேன்.'

"இதைக் கல்யாணத்துக்கு முன்னாலல்லா எழுதி வாங்கியிருக்கணும்" என்றாள்.

சிரித்துவிட்டாள். நானும். அடக்க முடியவில்லை. முப்பது வருஷத் தொழில், இப்படி ஒரு தப்பு செய்ததில்லை. பகவதி கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். "என்னதுக்கு இந்தச் சிரிப்பு?" நான் தாளைக் கவிழ்த்து வைத்தேன். உள்ளே போய்விட்டாள்.

பத்தியை எடுத்துவிட்டேன்.

ஐப்பசி 7, வியாழன்

மூட்டம். மழை இல்லை.

மேஜை முடிந்தது. மரம் தெரிகிறது. வலது மூலையில் கொசுவத்தி சுட்ட வட்டம், எந்தக் காலத்ததோ. பேனா ஒரு டப்பாவில், நிறம் பார்த்து. நூல்கண்டு ஒரு டப்பாவில். எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஸ்டேப்ளர் எங்கே என்று மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் கண்ணெதிரே இருந்தது.

கொட்டாரம் ஊரிலிருந்து ஒருவர் பிரமாணப் பத்திரம் எழுத வந்து, மேஜையைப் பார்த்துத் தயங்கினார். "தொழிலை நிறுத்தப் போறியளோ?" இல்லை என்றேன். நம்பாமல்தான் உட்கார்ந்தார்.

தாய்மாமன் போன். நாளை பத்தரைக்கு முன்னால் முடித்துவிடவேண்டுமாம், பிறகு ராகுகாலம். கல்யாணத்துக்கும் இவரே நேரம் குறித்தார். அதுவும் நல்ல நேரம்தான்.

பகவதி: "நாளைக்கு அவங்களுக்கு டீ குடுக்கணுமா, வேண்டாமா?"
நான்: "குடு."
பகவதி: "வடை?"
சுபா உள்ளிருந்து, "வடை வேண்டாம்மா. டீ போதும்."

ஐப்பசி 8, வெள்ளி

மழை வரும்போல இருந்து வரவில்லை.

ஒன்பதே முக்காலுக்கு வந்தார்கள். மாமன், அவன், சாட்சிக்கு ஒரு பெரியவர். மாப்பிள்ளை என்று கூப்பிட வாய் வந்தது. வாங்க தம்பி என்றேன். மெலிந்திருந்தான். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தான், இந்தப் பக்கம் சுபா. நடுவில் தாளும் பேனாவும். கை வைக்க இடம் தாராளம்.

மாமன் கண்ணாடி போட்டு இரண்டு தடவை வாசித்தார். "எல்லாம் செரி. ஒரு வரி சேக்கணும் பாத்துக்கிடுங்கோ. பெண் தானாகவே வீட்டை விட்டு வெளியேறினார்னு. நாளைக்கு எங்க பையனுக்கு ஒரு இடம் பாக்கணும்லா."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எழுதுகிற ஆள் நான். சரி என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கம்ப்யூட்டர் பக்கம் திரும்பக்கூட திரும்பினேன். சத்தியம்.

"அந்த வரி வேண்டாம்" என்றாள் சுபா. குரல் உயரவில்லை. "வெளிய பூட்டிட்டுப் போன வரியை நான் சேக்கச் சொல்லல்ல. அப்ப இதுவும் வேண்டாம். சேக்கணும்னா ரெண்டையும் சேப்போம். அப்பா நல்லா எழுதுவாங்க."

"பிள்ளே, பெரியவங்க பேசும்போ..."

"ஒப்பு நான்தானே மாமா போடணும்."

பெரியவர் டீயை ஊதினார். மணி பத்து இருபது.

"விடுங்க மாமா" என்றான் அவன். அவன் இந்த வீட்டில் பேசி நான் கேட்ட மிக நீளமான பேச்சு அது. கையெழுத்துப் போட்டான். சுபா போட்டாள். சாட்சிகள். நான் கடைசியில், தயாரித்தவர். பேனா நன்றாக எழுதியது.

போய்விட்டார்கள். பகவதி டம்ளர்களை எடுத்துப் போனாள். சுபா தாளைக் கவரில் போட்டு எந்தக் கட்டுக்குள் வைப்பது என்று பார்த்தாள். எந்த அட்டையும் ஒத்துவரவில்லை. இழுப்பறையில் தனியாக வைத்தாள். பேனாக்களைத் திரும்ப நிறம் பார்த்து அடுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"சித்திரையில ஒரு நாள் மத்தியானம் போன் போட்டேன்லா அப்பா. வீட்டுக்கு வந்துரட்டான்னு கேட்டேன். நீங்க ஹலோ ஹலோன்னியோ, கட்டாயிட்டு. அப்ப நான் கேட்டது உங்களுக்குக் கேக்கல்ல, இல்லியா?"

"டவர் இல்லியே மக்கா அன்னைக்கு" என்றேன்.

"அதான் நானும் நினைச்சேன்."

ஸ்டேப்ளரை நகர்த்தி நேராக வைத்தாள். உள்ளே போய்விட்டாள்.

நல்லாக் கேட்டது மக்கா. கல்யாணம் முடிந்து ரெண்டு மாசம்தான் ஆகியிருந்தது, ஊர் என்ன சொல்லும் என்று நான்தான் போனைக் கட் பண்ணினேன்.