ஒன்றாம் நம்பர் சீல்

என் உயிரான முருகேசண்ணே,

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. கோச்சடைப் பட்டறை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகும் ஓடுமா என்று தெரியவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நம் ரப்பர் ரிங், சென்னை கம்பெனி செய்யும் பிரேக்குக்குள் போய், அங்கிருந்து ஜெர்மனிக் காருக்குப் போகிறது. அந்த ஆர்டருக்காக நீ எத்தனை வருடம் அலைந்தாய்? போன வாரம் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு ஒருவர் வந்தார். எங்கோ ஒரு காரில் ரிங் கசிந்தால், அது எந்தப் பெட்டி, யார் பார்த்தது என்று அங்கிருந்தே கண்டுபிடிக்க முடிய வேண்டுமாம். மெஷின் பக்கம் அவர் அதிகம் போகவில்லை. ரிங்கைச் சோதித்தவர் சீல் குத்தும் பெட்டிச் சீட்டுகளைத்தான் புரட்டினார்.

"இந்த ஒன்றாம் நம்பர் சீல் யாருது மேடம்?"

உன்னுடையது. போன வாரப் பெட்டி வரைக்கும் உன் சீல். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நீ போனதிலிருந்து உன் மேசையில் ரிங் பார்ப்பவள் கைருன்னிசா. அவளுக்கென்று ஒரு சீல் செய்து கொடுக்க எனக்குத் தோன்றவே இல்லை. மேசையில் கிடந்ததை எடுத்துக் குத்தியிருக்கிறாள்.

"எங்க அண்ணனோடது சார். லீவுல இருக்காரு" என்றேன். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது.

"எப்ப வருவாரு?"

வேறு எதைக் கேட்டிருந்தாலும் சமாளித்திருப்பேன். இதற்கு என்ன சொல்வேன் அண்ணே? அவர் முன்னாலேயே அழுதுவிட்டேன்.

கைருன்னிசா எழுந்து வந்தாள். "அவரு மவுத்தாயிட்டாரு சார். நாந்தான் குத்துனேன். அம்புட்டையும் ஒண்ணு விடாம வளச்சுப் பாத்துட்டுத்தான் குத்துனேன்."

அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "பாத்தது நீங்கன்னு இந்தச் சீட்டு சொல்லலையேம்மா" என்று மட்டும் சொல்லி எழுதிக்கொண்டார்.

அந்தப் பெட்டிகளையெல்லாம் சென்னையில் ஓரங்கட்டி வைத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் நாங்களே போய் அவர்கள் கண் முன்னால் மறுபடி பார்த்துக் காட்ட வேண்டும். ஒரு ரிங் பழுதாக இருந்தாலும் ஆர்டர் போய்விடும். நாற்பது பேருக்கும் வேலை போய்விடும். நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? "பொய் சொல்லத் தெரியாட்டி வாயத் தொறக்காத கழுத" என்றிருப்பாயா?

காளவாசல் கடையில் கைருன்னிசா பெயருக்குப் புது சீல் செய்தாகிவிட்டது. இனி யாரும் எடுத்துக் குத்த முடியாதபடி உன்னுடையதை வெட்டிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள் கம்பெனியில். உன் சட்டைகளைக்கூட எடுத்துக் கொடுத்துவிட்டேன். இந்தச் சீல் மேல் கத்தியை வைத்தால் கை ஓடமாட்டேன் என்கிறது.

நாளை பஸ் ஏறுவதற்கு முன் வெட்டிவிடுகிறேன் அண்ணே. அதன் பிறகு யார் கேட்டாலும், நீ லீவில் இருக்கிறாய் என்று சொல்ல மாட்டேன்.

உன் தங்கச்சி
வாசுகி