நெடுந்தீவுக்கு இரண்டு சைக்கிள்கள்

21வது பிளாக், நெய்வேலி நகரியம்
12 ஜனவரி 2025

அன்புள்ள நந்தினிக்கும், அவளுக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கும் வார்டன் தமயந்தி மேடத்துக்கும்,

நான் நலம். மேடம், நீங்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். என் கையெழுத்து உங்கள் ஹாஸ்டல் இட்லியைவிட மோசம்.

நந்து, பொங்கலுக்குக்கூட உன்னை அனுப்ப மாட்டார்களாமே? விடுதி என்று பெயர் வைத்துவிட்டு விடவே மாட்டேன் என்கிறார்களே! பரவாயில்லை. நாம் பள்ளிக்கூடத்தில் பேசிவைத்த தீவுப் பயணத்தில் நான் இப்போது தீவிரமாகிவிட்டேன்.

கேள். மே மாதம் உன் நீட் முடிந்ததும் இங்கிருந்து நாகப்பட்டினம் வரை சைக்கிள். அங்கே கப்பல் ஏறினால் இலங்கையில் காங்கேசன்துறை. அப்புறம் வேலணை, புங்குடுதீவு. அதற்கப்புறம் படகில் நயினாதீவு, கடைசியாக நெடுந்தீவு. அங்கே குதிரைகள் ஓனர் இல்லாமல் திரிகின்றனவாம், உன் ஹாஸ்டலுக்கு நேர் எதிர். புங்குடுதீவுக்குப் போகிற ரோடு கடலுக்கு நடுவில். எதிர்க்காற்று ஆளையும் சைக்கிளையும் சேர்த்துத் தள்ளுமாம்.

அதனால் பயிற்சி தொடங்கிவிட்டேன். அப்பாவின் பெரிய கறுப்புக் குடையை விரித்து, அதன் வாய் முன்பக்கம் பார்க்கிற மாதிரி கேரியரில் கட்டிக்கொண்டு டபுள் ரோட்டில் மிதிக்கிறேன். குடை காற்றைக் குடிக்கிறது, கால் கெஞ்சுகிறது. ஷிப்ட் பஸ்ஸில் போனவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். செக்யூரிட்டி அண்ணன் நிறுத்தி, "ஏம்மா, மழையே இல்ல, குடை எதுக்கு? அதுவும் பின்னாடி?" என்றார். "வரப்போற மழைக்கு இல்லண்ணே, போகப்போற காத்துக்கு" என்றேன். அப்பாவிடம் சொல்லிவிட்டார், பாவி.

பாஸ்போர்ட்டுக்கு மனு போட்டாயிற்று. முகவரி எங்கள் குவார்ட்டர்ஸ்தான். பிறந்ததிலிருந்து வேறு முகவரி எழுதிப் பழக்கமே இல்லையே!

உன்,
இளவேனில்


நாமக்கல்
2 பிப்ரவரி 2025

அன்புள்ள வேனிலுக்கு,

உன் கடிதம் வந்தது. மேடம் சிரிக்காமல் கொடுத்தார்கள். நான் பாத்ரூமில் உட்கார்ந்து சிரித்தேன்.

இந்த வாரத் தேர்விலும் மதிப்பெண் இறங்கிவிட்டது. இறங்கினவர்களைக் கடைசி வரிசைக்கு மாற்றுகிறார்கள். எனக்குப் பின்னால் இப்போது சுவர்தான்.

பாஸ்போர்ட் என்னிடம் இருக்கிறது, தெரியுமா? இங்கே சீட் கிடைக்காவிட்டால் வெளிநாட்டில் படிக்க வைக்கலாம் என்று யாரோ சொல்லப்போய், அப்பா போன வருஷமே எடுத்து வைத்துவிட்டார். மைன்ஸில் அவர் இன்னும் கான்ட்ராக்ட்தான். போன ஞாயிறு பார்க்க வந்தபோது, "நான்தான் பர்மனன்ட் ஆவல, நீயாவது ஆவு" என்றார். உன் திட்டத்தை மெதுவாகச் சொன்னேன். "படிச்சிகினு இருக்கச்சே இன்னாடி தீவு?" என்று கேட்டார். அப்புறம் போகும்போது, "பரீட்சை முடியட்டும், பாக்கலாம்" என்றார். அவர் அப்படிச் சொன்னால் பாதி சரி என்று அர்த்தம்.

இங்கே ஜன்னல்களுக்குத் தகரம் அடித்திருக்கிறார்கள், வெளியே பார்த்துக் கவனம் சிதறக் கூடாதாம். காற்று எப்படி இருக்கும் என்பதே மறந்துவிட்டது. அந்தக் கடல் ரோட்டைப் பற்றி மட்டும் இன்னும் நிறைய எழுது.

அன்புடன்,
நந்தினி


21வது பிளாக், நெய்வேலி
23 பிப்ரவரி 2025

கடைசி வரிசை நாயகியே,

பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ்காரர் வந்தார். "எத்தனை வருஷமா இந்த வீட்டுல இருக்கீங்க?" என்று கேட்டார். அம்மா, "இவ பொறந்ததே இங்கதான் சார்" என்றாள். அவர் எழுதிக்கொண்டார். எவ்வளவு சுலபம் பார்!

மற்றதெல்லாம் அவ்வளவு சுலபமில்லை. காற்று பலமாக அடித்தால் கப்பல் ஓடாதாம். நாம் காற்றுக்காகத்தான் போகிறோம் என்று சொன்னால் டிக்கெட் தருபவர் நம்மை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார். கூடை வைத்த நம் பள்ளிக்கூட சைக்கிளைக் கப்பலில் ஏற்றுவார்களா என்பதும் யாருக்கும் தெரியவில்லை. அதனால் நயினாதீவை வெட்டிவிட்டேன். நெடுந்தீவையும் கடல் ரோட்டையும் வெட்ட மாட்டேன். நீ வரவேண்டும், அவ்வளவுதான்.

ஜன்னலுக்குத் தகரமா? இதோ, இதற்குள் இன்னொரு சின்ன உறை வைத்திருக்கிறேன். அது மேடத்துக்கு இல்லை, உனக்கு.

வேனில்

(சின்ன உறைக்குள் இருந்த துண்டுச்சீட்டு)

தமயந்தி மேடம், பிரித்துவிட்டீர்களா? உள்ளே நந்தினிக்காக அரை லிட்டர் கடற்காற்று அடைத்து ஒட்டியிருந்தேன். போச்சு! இப்போது உங்கள் ஆபீஸ் முழுக்கப் பரவியிருக்கும். பிடித்து மறுபடி உறையில் போட்டு அவளிடம் கொடுத்துவிடவும்.


21வது பிளாக், நெய்வேலி
6 ஏப்ரல் 2025

நந்து,

ஏன் பதிலே இல்லை? மேடம் காற்றை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்களா?

ஒரு செய்தி. ஜோக்காக எழுதிப் பார்த்தேன், வரவில்லை. அப்பா இந்த மாதக் கடைசியில் ரிட்டயர் ஆகிறார். எல்லாரும் அதற்கப்புறம் கொஞ்ச நாள் குவார்ட்டர்ஸில் இருந்துகொள்வார்கள், நாங்களும் ஜூன் வரை இருப்போம் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அப்பா மாட்டேன் என்கிறார். "மத்தவன் வீட்டுல ஒரு நாள் கூட ஓசியில இருக்க மாட்டேன்." மத்தவன் வீடாம்! என் உயரத்தைக் கோடு கோடாகக் குறித்த கதவு மத்தவன் கதவாம். முப்பதாம் தேதி சாவியைக் கொடுத்துவிட்டு சங்கரன்கோவில் பக்கம் போகிறோம். அவருடைய ஊர். நான் அங்கே பொங்கலுக்கு மட்டும் போயிருக்கிறேன், அதுவும் அழுதுகொண்டு.

பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை. வந்தால் இந்த முகவரிக்குத்தான் வரும். பக்கத்து வீட்டுக் கஸ்தூரியம்மாளிடம் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

புது முகவரி பின்பக்கம் இருக்கிறது. இனி அங்கே எழுது. பாஸ்போர்ட் கைக்கு வந்ததென்று நான் சொல்லும்வரை நீ எந்த முடிவும் எடுக்காதே. இதை மட்டுமாவது உன்னிடம் கொடுக்கச் சொல்லி மேடத்தைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மேடம், இது விளையாட்டு இல்லை.

வேனில்


சங்கரன்கோவில் பக்கம்
8 மே 2025

நந்து,

பாஸ்போர்ட் வந்திருக்கிறது. தபால்காரர் கஸ்தூரியம்மாளிடம் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். உரியவர் கையில்தான் தருவாராம். பூட்டின வீட்டைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். புது முகவரிக்கு எல்லாம் முதலிலிருந்து செய்ய வேண்டும், அப்பா இந்த வருஷம் வேண்டாம் என்றுவிட்டார். சைக்கிளையும் விற்றுவிட்டார்.

போன மாதம் உங்கள் வீட்டுக்கு போன் செய்தேன். உன் அம்மா, "பரீட்சை முடியிற வரைக்கும் அதுகிட்ட எதுவும் சொல்லாதம்மா, மனசு ஒடைஞ்சிடும்" என்றார்கள். சரி என்றேன். இப்போது முடிந்திருக்குமே? எப்படி எழுதினாய்?

நான் வரவில்லை, நந்து. எனக்காக நீ எதையும் விட்டுவிடாதே.

வேனில்


பெறுநர்: இளவேனில், த/பெ மருதமுத்து, 21வது பிளாக், நெய்வேலி நகரியம்

நாமக்கல்
10 மே 2025

என் வேனிலுக்கு,

இதை ஹாஸ்டல் தோழி ஒருத்தியின் அம்மா வெளியே தபாலில் போடுகிறார்கள். நீ உறையில் காற்று அனுப்பினாயாமே, மேடம் கூப்பிட்டுத் திட்டினார்கள். அன்றிலிருந்து உன் கடிதம் ஒன்றைக்கூட எனக்குத் தரவில்லை. எல்லாம் அவர்கள் மேஜையில் கிடக்கின்றன, வீட்டுக்குப் போகிற அன்று தருவார்களாம். என்ன எழுதியிருப்பாய் என்று தெரியும். எத்தனை தீவை வெட்டியிருக்கிறாய் என்பதுதான் தெரியாது.

தேர்வு போய்விட்டது. முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. அழுகை வரவில்லை. கடல் நடுவே அந்த ரோட்டை நினைத்துக்கொண்டு மீதியை எழுதி முடித்தேன்.

அப்பா நேற்று வந்தார். அடுத்த வருஷ பேட்ச்சுக்குப் பேசி முடித்துவிட்டு வந்திருந்தார். சேர மாட்டேன் என்றேன், வேனில். முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். தலைமேல் கையை வைத்துக்கொண்டு கேட் அருகிலேயே உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கும்போது, "அப்ப நம்ம வூட்டுப் பக்கமே வராத" என்றார். அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசிக் கேட்டதில்லை. பேசிவைத்திருந்த சீட்டை வேறு ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

எனக்குப் பயமில்லை. நீ இருக்கிறாய். அப்பாவிடம் கொடுத்தனுப்பிய பையில் அம்மா ரகசியமாகப் பாஸ்போர்ட்டை வைத்திருந்தாள். பதினெட்டாம் தேதிதான் எங்களை வெளியே விடுகிறார்கள், அன்று இங்கிருந்து நேராக உங்கள் வீட்டுக்குத்தான் வருகிறேன். ஒரு நாள் தங்கிவிட்டு நாகப்பட்டினம் கிளம்பலாம். உன் அம்மாவிடம் எனக்கும் சேர்த்து உலை வைக்கச் சொல்.

நான் வருவதில் ஏதாவது சங்கடம் என்றால் மட்டும், இந்தத் தோழியின் அம்மாவுக்கு ஒரு வரி எழுதிப் போடு, முகவரி உறையின் மேல் இருக்கிறது. எழுதாவிட்டால் வரச் சொல்கிறாய் என்று எடுத்துக்கொள்வேன்.

உன்,
நந்தினி