பங்குனி முடிவதற்குள்

1971 மார்ச் 22, திங்கள்

அரை நாள் லீவு போட்டு சுந்தரவல்லியை டாக்டர் ஞானசௌந்தரியிடம் அழைத்துப் போனேன். மூத்தவள் வேதவல்லியையும் இவர்தான் ஆபரேஷன் செய்து எடுத்தார். இதற்கும் ஆபரேஷன்தான். வலி வரும்வரை விட்டால் பழைய தையல் தாங்காதாம்.

"கார்டுல ஜூலைன்னு மட்டும் எழுதியிருக்கு. கடைசியா விலக்கானது என்ன தேதிம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். அந்த மூன்று நாளும் நான்தானே சமைப்பேன்; போன வருஷ டைரியில் குறித்திருக்கிறேன், ஜூலை 22 என்று. "எட்டாம் தேதி டாக்டர்" என்றேன்.

வாய் தவறி வந்ததா? என்ன வாய் தவறி! உண்மையைச் சொன்னால் ஆபரேஷன் சித்திரையில் விழும். சித்திரையில் பிறந்தவன் நான். மூன்று வயதில் அப்பா போய்விட்டார். அப்பனை முழுங்கினவன் என்று கல்யாணப் பந்தியில்கூடச் சொல்லிக் காட்டினார்கள். என் குழந்தைக்கு அந்தப் பேர் வேண்டாம்.

ஏப்ரல் 1

ஆபரேஷனுக்குக் குறித்த ஒன்பதாம் தேதி பெரிய வெள்ளி. டாக்டர் சர்ச்சுக்குப் போக வேண்டுமாம். ஏழாம் தேதியே வைத்துக்கொள்ளலாம் என்றார். தலையாட்டினேன்.

ஏப்ரல் 7

ஆண் குழந்தை. ஐந்தே கால் பவுண்டு. அழுகை ரொம்பச் சன்னம்.

ஏப்ரல் 8

குழந்தைக்கு மூச்சு வாங்குகிறது. விலா உள்ளே இழுக்கிறது. ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணினேன் - நிமிஷத்துக்கு எண்பத்திரண்டு.

"இன்னா சார், காலைலேர்ந்து நின்னுகினே கீறே? போய் ஒரு டீ குடிச்சுட்டு வா" என்று ஆயா ஞானம்மாள் விரட்டினாள்.

ஒன்றுமே புரியவில்லை. வேதவல்லியும் ஆபரேஷன் குழந்தைதான். பிறந்ததும் அவள் போட்ட கூச்சல் வாசல்வரை கேட்டது. அதே டாக்டர், அதே அறை. இவனுக்கு மட்டும் ஏன்?

ஏப்ரல் 9

டாக்டர் சர்ச்சிலிருந்து நேரே வந்தார். கேட்டேன்.

"மூத்தவளுக்கு ஒன்றரை நாள் வலி கண்டப்புறம்தானே எடுத்தோம்? வயித்துல இருக்கிறப்ப குழந்தையோட நுரையீரல்ல தண்ணி இருக்கும். வலி வந்தா அது வத்த ஆரம்பிக்கும். இவன் வலியே பார்க்காம வந்தவன். நாள் நெறைஞ்ச குழந்தைன்னா ரெண்டு மூணு நாள்ல தெளிஞ்சிடும்." கொஞ்சம் யோசித்தார். "பார்த்தா நெறைஞ்ச மாதிரி தெரியலை. நீங்க சொன்ன தேதி சரிதானே?"

"சரிதான் டாக்டர்."

சண்டாளன்டா நீ. சண்டாளன்.

ஏப்ரல் 10

எண்பத்தாறு. உதடு லேசாக நீலம். சுந்தரவல்லி அழுகிறாள். "வலியே படாம பெத்துண்டுட்டேனே. அதான் அவனுக்கு மூச்சு விடத் தெரியலை. எல்லாம் என்னாலதான்." நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஏப்ரல் 11

டாக்டரிடம் சொல்லிவிட்டேன். ஈஸ்டர் புடவையில் நின்றுகொண்டே கேட்டார்.

"ரெண்டு வாரம் பொறுத்திருப்பேனே, மிஸ்டர் கஸ்தூரிரங்கன்."

"அப்போ என்னாலதானா?"

"இருக்கலாம். நாள் நெறைஞ்சதுலயும் சிலதுக்கு இப்படி ஆகும். இதனாலதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது."

திட்டியிருந்தால் தேவலை. உடனே நர்ஸைக் கூப்பிட்டு, குறை மாசக் குழந்தைக்குச் செய்வதையெல்லாம் செய்யச் சொன்னார். வெந்நீர்ப் பை, சொட்டுச் சொட்டாகக் குழாயில் பால்.

என்னாலா? ஆபரேஷனாலா? இரண்டுமா? யாரைத்தான் கேட்பது?

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. ஐம்பத்தெட்டு. ஆக்ஸிஜனை எடுத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 16

அம்மாவிடம் பால் குடித்தான். பிழைத்துவிட்டான், பெருமாளே.

ஏப்ரல் 20

வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். கிளம்பும் முன் சுந்தரவல்லியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தேதி, சித்திரை, அப்பா. குழந்தையின் குல்லாயைச் சரிசெய்துகொண்டே கேட்டாள்.

"என்னாலதான்னு நான் அழறச்சே பக்கத்துலயே உக்காந்துண்டிருந்தேளே."

அவ்வளவுதான். வீட்டு வாசலில் ரிக்ஷா நின்றது. அவளுக்குத் தையல் இழுத்தது, முகம் சுருங்கியது. குழந்தையை வாங்கிக்கொள்ள இரண்டு கையையும் நீட்டினேன். அவனை மார்போடு அணைத்துக்கொண்டு, ரிக்ஷாக்கம்பியைப் பிடித்துத் தானே இறங்கினாள்.